கண்படாமல் இருக்க ஒரு நட்சத்திரம்

சொந்தக்காரர்களிடம் உதவி கேட்கவே கூடாது. கேட்டால் செய்துவிடுவார்கள்.

என் பெயர் ஷர்மினி. பினாங்கில் பாயான் லெப்பாசில் மின்னணுச் சாமான் செய்யும் ஒரு ஃபேக்டரியில் எட்டு வருடம் சாஃப்ட்வேர் சோதிக்கும் வேலை பார்த்தவள். போன ஏப்ரலில் ஆறு மாதம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு ‘ஊசிநூல்’ என்று ஓர் ஆப் செய்தேன். வீட்டிலிருந்தே துணி தைக்கும் பெண்களையும் தைக்கக் கொடுப்பவர்களையும் சேர்த்து வைக்கிற ஆப். தையல்காரிக்கும் துணி கொடுத்தவளுக்கும் நடுவே காலங்காலமாக ஒரே பேச்சுதான்: “நாளைக்கு வாங்க.” எங்கள் ஆப்பில் அந்தப் பேச்சு கிடையாது. துணியைக் கையில் எடுத்ததும் தையல்காரி ஒரு பட்டனைத் தட்டுவார், முடித்ததும் இன்னொன்றைத் தட்டுவார். அவர் கையில் எத்தனை துணி காத்திருக்கிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும். பொய் சொல்ல வழியே இல்லை.

பதினான்கு தையல்காரிகள் சேர்ந்தார்கள். கெலுகோரில் வெரோனிக்கா, ஜெலுத்தோங்கில் அமலம்மாள், அக்கரையில் நிபோங் திபாலில் என் அம்மாவின் அக்கா நவமணிப் பெரியம்மா, இப்படி. தைக்கக் கொடுப்பவர்கள்தான் அதிகம் வரவில்லை. காரணம் எளிது. ஆப் ஸ்டோரில் தேடினால் நாங்கள் கிடைக்க மாட்டோம். ‘டெய்லர்’ என்று தட்டினால் நூற்று நாற்பதாவது இடத்தில் இருந்தோம். அதுவரைக்கும் விரலால் தள்ளிக்கொண்டு போகிற நேரத்தில் ஒருத்தி தானே ஊசி கோத்துத் தைத்து முடித்துவிடலாம்.

என் போனில் மட்டும் முதலில் வரும். தினமும் நான் அதையே திறப்பதால் போன் எனக்காகப் பூசி மெழுகுகிறது, அதை நம்பக்கூடாது. ஆகவே எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். விடுப்பு முடிகிற வெள்ளிக்கிழமைக்குள், இந்த ஆப்பை முன்பின் பார்க்காத ஒருவர், தன் போனில், தன் தேவையைத் தன் வாயில் வருகிறபடி தட்டும்போது முதல் ஐந்துக்குள் நாங்கள் வரவேண்டும். வந்தால் ஃபேக்டரி வேலையை விடுவது. வராவிட்டால் ஆப்பை மூடிவிட்டு, பழைய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரும்பிப் போவது.

எனக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபேக்டரியில் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் எட்டு வருடம் அடுத்தவர் செய்ததில் தப்பு கண்டுபிடித்தே சாப்பிட்டவள், தானே ஒன்றைச் செய்து பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு பழைய நாற்காலியில் போய் உட்காருவதை நினைக்கவே பிடிக்கவில்லை. ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கும் காமாரியா அக்கா வேறு வாரம் தவறாமல் மெசேஜ் அனுப்புவார். “ஷர்மினி, வர்றியா இல்லையா லா? ஒரு பதில் சொல்லு. ஒன் எடத்துக்கு ஆள் கேக்குறாங்க.” நான் ஒரு சிரிக்கும் முகத்தை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பேன்.

இந்த நிலையில்தான் என் அண்ணன் சுகுமாரன் உதவிக்கு வந்தான். தண்ணீர் வடிகட்டி விற்கிறவன். வாய்தான் அவனுக்கு மூலதனம். ஸ்டோரில் ஆப்பின் பெயருக்குக் கீழே வரும் சிறு வரியை முதலில் எழுதித் தந்ததே அவன்தான். ‘பிஸ்போக் ஃபேஷன் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதினான்; அளவெடுத்துத் தைக்கும் நாகரிக உடுப்பு என்று அர்த்தமாம். அப்போது எனக்கும் அது அழகாகத்தான் பட்டது. முதல் படமாக, தோள் எலும்பு தெரிய நிற்கும் ஒரு மெலிந்த பெண்ணைப் போட்டோம்.

“ஒனக்கு ரிவியூ பத்தாது,” என்றான் அண்ணன். “ஆறு பேரு போட்டா எவன் நம்புவான்? நம்ம சொந்தத்துல எத்தனை போன் இருக்கு தெரியுமா? என்கிட்ட விடு.”

ஆழம் தெரியாமல் விட்டேன்.

பெரியம்மா மகளுக்கு நிபோங் திபால் மண்டபம் ஒன்றில் வளைகாப்பு. விடுப்பு முடிய இருபத்தாறு நாள் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்து சோறு முடிந்து பாயசத்துக்குக் காத்திருந்த சமயம் பார்த்து, அண்ணன் மைக்கைப் பிடுங்கினான்.

“எல்லாரும் போனை எடுங்க. நம்ம ஷர்மினி ஒரு ஆப் செஞ்சிருக்கு. ஊசிநூல்னு தேடுங்க. ஒரு தரம் தொறந்து பாத்துட்டு ரிவியூல நட்சத்திரம் குத்துங்க, ரெண்டு வார்த்தை எழுதுங்க. குத்தின பொறகுதான் பாயசம்.”

பாயச வாளியோடு நின்ற பையன்களையும் கையைக் காட்டி நிறுத்திவிட்டான். அத்தைமார்களும் சித்திமார்களும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, இடது கையால் போனைத் தடவினார்கள். ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்துக்கொண்டார்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நம் சனம் நம் சனம்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா குமுதாவும் ஒரு மூலையில் ஆர்வமாகக் குத்திக்கொண்டிருந்தார்.

எத்தனை நட்சத்திரம் என்று மட்டும் அண்ணன் சொல்லவில்லை. அதை யாருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்கிறான்.

மறுநாள் காலையில் ஸ்டோரைத் திறந்தேன். முந்தின நாள் வரை எங்களுக்கு ஆறு ரிவியூ, ஆறும் முழு ஐந்து. இப்போது இருபத்தெட்டு. மொத்த மதிப்பு மூன்று புள்ளி ஒன்பது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணினேன். நான்கு நட்சத்திரம் கொடுத்தவர்கள் பதினைந்து பேர். மூன்று கொடுத்தவர்கள் ஆறு பேர். ஒரே ஒருவர் ஒற்றை நட்சத்திரம். அந்த ஒற்றை இல்லாவிட்டால் சரியாக நான்கு வந்திருக்கும். நான்குக்குக் கீழே போன ஆப்பைத் தேடலில் இன்னும் கீழே தள்ளிவிடுவார்கள் என்று இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் சொல்லுவார்கள். சொன்ன மாதிரியே ‘டெய்லர்’ என்று தேடினால் இருநூறைத் தாண்டியும் எங்களைக் காணோம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

நான்கு கொடுத்த ஓர் அத்தைக்குப் போன் அடித்தேன்.

“ஏன் அத்தே, ஆப்ல ஏதாச்சும் பிரச்சினையா?”

“ஒண்ணும் இல்லையேம்மா. ரொம்ப அழகா இருக்கு.”

“பின்ன ஏன் நாலு?”

“முழுசாக் குடுத்தா கண்ணு பட்டுடாதா? ஒண்ணு கொறைச்சு வெச்சேன்.”

மூன்று கொடுத்த சித்தி இன்னும் ஒரு படி மேலே போனார். “ஒங்க அத்தை ஒண்ணு கொறைச்சான்னு சொன்னா. எனக்கு ஒன்மேல பாசம் அதிகம் இல்லையா? ரெண்டு கொறைச்சேன்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று வளர்ந்தவர்கள். புதுக் காடி வாங்கினால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், புதுக் கடை திறந்தால் பூசணிக்காய், பிறந்த பிள்ளைக்கு மை. என் ஆப்பையும் பிள்ளைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். சேர்த்ததில் எனக்குப் பெருமைதான். ஆனால் கணக்குப் போடும் கம்ப்யூட்டருக்குத் திருஷ்டி தெரியாதே.

ஒற்றை நட்சத்திரம் கொடுத்தது யார் என்று பார்த்தேன். நவமணி. என் சொந்தப் பெரியம்மா. ஆப்பில் முதலாவதாகச் சேர்ந்த தையல்காரி.

எனக்குக் கோபம் வந்தால் கூடவே பசியும் வரும். இரண்டையும் எடுத்துக்கொண்டு காடியில் ஏறிப் பாலத்தைத் தாண்டி நிபோங் திபால் போனேன். பெரியம்மா மெஷினில் உட்கார்ந்து யாருடைய சுடிதாருக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

“பசியாறிட்டியா?”

“இல்ல.”

தோசை வந்தது. ஐந்து தோசை முடிகிற வரைக்கும் நான் வாய் திறக்கவில்லை. ஆறாவதைப் பிட்டுக்கொண்டே கேட்டேன்.

“ஏன் பெரியம்மா, எனக்கு ஒரு நட்சத்திரம் குடுத்தீங்க?”

“எல்லாரும் ஆளுக்கொண்ணு கொறைச்சாளுங்க. அவளுங்களுக்கு நீ யாரு? எனக்கு நீ மக மாதிரி. அதான் நாலையும் கொறைச்சேன். மண்டபத்துல எத்தனை கண்ணு பாத்துச்சு தெரியுமா? ஒருத்தி வாயைப் பொளந்துக்கிட்டு பாத்தா.”

“அதனால ஆப் இப்ப கீழ போயிடுச்சு பெரியம்மா.”

“கொழந்தைக்குக் கன்னத்துல மை வெச்சா கொழந்தை அசிங்கமாயிடுமா?”

“மையைக் கன்னத்துல வெக்கணும். நீங்க கொண்டு போய் கண்ணுல குத்திட்டீங்க.”

பெரியம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. அப்படிச் சொன்னது எனக்கும் சங்கடமாக இருந்தது. அவர் மெல்லப் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். “அழிக்கணும்னா அழிச்சிடு. ஆனா வெச்ச மையைப் பாதியில அழிக்கிறது நல்லதில்ல. அப்பறம் எதாச்சும் ஆச்சுன்னா என்னைச் சொல்லாதே.”

இப்படிச் சொன்ன பிறகு யாருக்கு அழிக்கக் கை வரும்? அழித்த மறுநாள் சர்வர் படுத்துக்கொண்டால்கூட அது என் தலையில்தான் விடியும். இவரை மாற்றினாலும் மீதி இருபத்தோரு பேரை யார் மாற்றுவது? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று இன்னும் ஒரு தோசை கேட்டேன். அதைத் தின்னும்போதுதான் தோன்றியது.

“பெரியம்மா, மை எங்கயாச்சும் இருந்தா போதும்தானே? நட்சத்திரத்துலதான் இருக்கணும்னு இல்லையே?”

“எங்க வெப்பே?”

“ஆப்புக்குன்னு ஒரு மூஞ்சி இருக்கு. போன்ல செவப்பு ப்ளவுஸ் படம் தெரியுதுல்ல, அதான். அதுலயே ஒரு கறுப்புப் பொட்டு வெச்சிடுறேன். நெரந்தரமா. உலகத்துல யாரு பாத்தாலும் மொதல்ல அந்தப் பொட்டுதான் கண்ணுல படும்.”

பெரியம்மா யோசித்தார். விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. போனை வாங்கி அந்தச் சிறு படத்தை விரலால் பெரிதாக்கப் பார்த்தார்.

“ஆப் ஆம்பளைப் புள்ளையா, பொம்பளைப் புள்ளையா?”

“பதினாலு தையல்காரிங்க இருக்குற ஆப் பெரியம்மா. பொம்பளைப் புள்ளைதான்.”

“அப்ப எடது பக்கம் வெய்யி. சின்னதா வெக்காதே. நல்லாத் தெரியணும்.”

அங்கேயே அவர் துணி வெட்டும் மேசையில் லேப்டாப்பை வைத்து, சிவப்பு ப்ளவுஸ் படத்தின் இடது தோளில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தேன். பெரியம்மா பின்னால் நின்று இன்னும் பெரிசு, இன்னும் கொஞ்சம் கீழே என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு அனுப்பினேன். ‘டிசைன் சூப்பர், பொத்தான் வெச்ச மாதிரி இருக்கு’ என்று பதில் வந்தது. விளக்கம் சொல்லவில்லை.

அடுத்து, நான்கு நட்சத்திரம் யார், மூன்று யார் என்று தனக்கு ஒவ்வொன்றாகத் தெரிய வேண்டும் என்றார் பெரியம்மா. ரிவியூக்களை வரிசையாகப் படித்துக் காட்டினேன். அவருடையதிலிருந்தே ஆரம்பித்தேன். ஒற்றை நட்சத்திரத்துக்குக் கீழே இப்படி எழுதியிருந்தது: ‘ரொம்ப நல்ல ஆப். என் தங்கச்சி மக செஞ்சது. போன வருஷ பாஜு கெதாட் ஆனவங்க இதுல போடுங்க. மூணு நாள்ல பிரிச்சு லூஸ் பண்ணித் தருவோம்.’

அடுத்தது: ‘கல்யாண ப்ளவுஸ் கை ஏறலை. அல்டர் பண்ணிக் குடுத்தாங்க.’ அதற்கடுத்தது: ‘மகளோட ஸ்கூல் பாஜு கெதாட். நல்லா அல்டர் பண்ணாங்க.’ அதற்கும் அடுத்தது: ‘இடுப்பு பிரிச்சது நல்லா இருக்கு.’ எல்லாரும் பெரியம்மாவிடம் முன்பே கொடுத்து வாங்கியதை எழுதியிருந்தார்கள்.

பெரியம்மா ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குடும்ப வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது காதில் விழவில்லை. உடுப்பு இறுக்கமாகிவிட்டது என்பதைத்தான் எங்கள் ஊரில் மலாயில் பாஜு கெதாட் என்போம். தமிழ் பேசும்போதும் வாயில் அதுதான் வரும். இருபத்திரண்டு பேர் எழுதியதில் ஒருவர்கூட ஃபேஷன் என்ற சொல்லை எழுதவில்லை. பிஸ்போக் பற்றிக் கேட்கவே வேண்டாம். உடனே இதுவரை வந்த ஆர்டர்களைத் திறந்து எண்ணினேன். மொத்தம் அறுபத்தொன்று. அதில் நாற்பத்தேழு, பழைய உடுப்பைப் பிரித்துத் தளர்த்துவது.

நான் செய்த முட்டாள்தனம் அப்போதுதான் உறைத்தது. புதுசு தைக்க வருவார்கள் என்று நான் கடை விரித்திருந்தேன். அவர்களோ பீரோவில் தொங்கும் போன வருஷத்து உடுப்போடு கதவைத் தட்டுகிறார்கள். தீபாவளி நெருங்க நெருங்க ஊரில் பாதிப் பேர் கண்ணாடி முன் நின்று மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் போனை எடுத்து என்ன தட்டுவார்களோ அந்தச் சொல் எங்கள் ஆப்பில் எங்கேயும் இல்லை.

அண்ணனிடம் சொன்னதும் அவன் குதித்தான்.

“பாஜு கெதாட்டுன்னா எழுதப் போறே? நம்ம ஆப்போட மானம் போயிடும்லா. குண்டானவங்க வாங்கன்னு போர்டு வெக்கிற மாதிரி இருக்கு.”

“குண்டாயிட்டாங்கதானே அண்ணே? நீ போன வருஷ ஜிப்பாவைப் போட்டுப் பாத்தியா?”

அவன் அரை மணி நேரம் கழித்து, தன் ஜிப்பாவை எந்தத் தையல்காரியிடம் கொடுக்கலாம் என்று கேட்டான்.

அந்த வாரமே எல்லாவற்றையும் மாற்றினேன். பெயரோடு ‘அல்டர் பாஜு’ என்று சேர்த்தேன். கீழே வரும் சிறு வரியில், உடுப்பு இறுகிவிட்டதா, மூன்று நாளில் பிரித்துத் தருகிறோம் என்பதை மலாயில் ‘பாஜு கெதாட்’ என்றே தொடங்கி எழுதினேன். விளக்கத்தில் சித்திமார்களின் பேச்சை அப்படியே போட்டேன்: கை ஏறவில்லை, இடுப்பு பிடிக்கிறது, ஜிப் போட முடியவில்லை. மெலிந்த பெண்ணை வழியனுப்பிவிட்டு, முதல் படமாகப் பெரியம்மாவின் இரண்டு கையும் ஒரு பச்சை ப்ளவுசின் பக்கத் தையலைப் பிரிப்பதைப் போட்டேன்.

பொட்டு வைத்த படம் எல்லார் போனுக்கும் போய்ச் சேர்ந்த அன்று, பெரியம்மா குடும்பக் குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டார். “மை வெச்சாச்சு. எடது பக்கம் பாருங்க. நானே நின்னு வெக்கச் சொன்னேன். இனிமே பயம் இல்ல. எல்லாரும் போயி அஞ்சு குத்துங்க.” சாயங்காலத்துக்குள் ஒவ்வொன்றாக ஐந்தாக மாறியது. என் அம்மாவின் நான்கு மட்டும் மாறவில்லை. மாற்றத் தெரியவில்லை என்றார். தெரிந்தும் மாற்றவில்லை என்றுதான் எனக்குச் சந்தேகம்.

அதன் பிறகு காத்திருப்புதான். இதில் அவசரப்படுத்த வழியில்லை. என் போனை நம்ப முடியாததால் பார்க்கிறவர்களிடமெல்லாம் போன் இரவல் கேட்டேன். வீட்டுக்குக் கீழே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் இப்ராஹிம் அண்ணனிடம் தினமும் வாங்கி ‘பாஜு கெதாட்’ என்று தட்டினேன். முதல் வாரம் அறுபத்திரண்டாவது இடம். இரண்டாம் வாரம் இருபத்து மூன்று. மூன்றாம் வாரம் ஒன்பது. வியாழக்கிழமை ஏழு.

“ஏழு நல்ல நம்பர்தானே தங்கச்சி,” என்றார் இப்ராஹிம் அண்ணன்.

“அஞ்சு வேணும் அண்ணே.”

அந்த ஏழாம் இடத்தையும் நம்ப முடியாது என்று பிறகுதான் உறைத்தது. தினமும் நான் அவர் போனில் ஊசிநூலைத் தேடித் தேடி, அந்தப் போனும் எனக்கு முகதாட்சண்யம் பார்க்க ஆரம்பித்திருக்கும். உண்மையில் ஏழா, பதினேழா, யாருக்குத் தெரியும்?

அன்று மத்தியானம் கெலுகோர் வெரோனிக்கா போன் செய்தாள்.

“ஷர்மினி, மூணு மாசமா மெஷினுக்கு எண்ணெய் போட்டுப் போட்டு வெச்சிருந்தேன். இந்த வாரம் மட்டும் ஒன்பது துணி. எல்லாம் தெரியாத ஆளுங்க. ஸ்டோர்ல பாத்து வந்தோம்னு சொல்றாங்க.” பிறகு கேட்டாள். “நீ ஃபேக்டரிக்குத் திரும்பிப் போறியாமே. போயிட்டா இது நிக்குமா?”

“நாளைக்குச் சொல்றேன்,” என்றேன். சொன்ன பிறகுதான் அது எந்தத் தையல்காரியும் சொல்கிற பதில் என்று வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஃபேக்டரிக்குப் போனேன். காமாரியா அக்கா மேசையில் என் கோப்பு தயாராக இருந்தது. பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம் பெண்மணி. ஃபேக்டரியில் யார் எப்போது கல்யாணம் செய்தார்கள், யாருக்கு எத்தனை பிள்ளை என்பது கம்ப்யூட்டரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நான் என்ன ஆப் செய்தேன் என்பது மட்டும் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். அதில் இரண்டு கட்டம். வேலைக்குத் திரும்புகிறேன். வேலையை விடுகிறேன்.

“ஒண்ணுல சரி போட்டுக் கையெழுத்து வெய்யி. மத்தியானத்துக்குள்ள மேல அனுப்பணும்.”

பேனாவை எடுத்தேன். கை எந்தக் கட்டத்துக்கும் போகவில்லை. வெரோனிக்காவின் குரல் காதிலேயே இருந்தது. ஆனால் சட்டம் சட்டம்தான். என்னை நானே ஏமாற்றிக்கொண்டு வேலையை விட்டால், ஆறு மாதம் கழித்துப் பதினான்கு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

“அக்கா, கையெழுத்து வெக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒங்க போன்ல ஒண்ணு தேடிப் பாக்குறீங்களா? ஆப் ஸ்டோர்ல.”

“என்ன தேடணும்?”

“போன வருஷத்து ராயாப் பெருநாள் உடுப்பை இப்ப எடுத்துப் போட்டுப் பாக்குறீங்க. பத்தலை. ஒங்களுக்கு உதவி வேணும். என்ன தட்டுவீங்களோ அதைத் தட்டுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அக்கா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “எனக்கு உடுப்பு பத்தலைன்னு யாரு சொன்னா?”

“சும்மா ஒரு பேச்சுக்கு அக்கா.”

“பேச்சுக்கு என்ன லா, நெஜமாவே பத்தலை,” என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டினார். என்ன தட்டினார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் எட்டிப் பார்க்கவில்லை.

“மொதல்ல என்ன வருது அக்கா?”

“பொம்மைக்கு உடுப்பு போட்டு விடுற கேம்.”

“அடுத்தது?”

“துணி விக்கிற கடை.”

“அதுக்கடுத்தது?”

“இன்னொரு துணிக்கடை. எனக்கு எதுக்கு லா கடை? வாங்கினதே போட முடியலை.”

அப்புறம் விரல் மேலே தள்ளுவது நின்றுவிட்டது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எதையோ படித்தார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான்காவதாக வந்தது என்ன என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

“மூணு நாள்ல பிரிச்சுத் தருவாங்களாம்,” என்றார் தனக்குத்தானே. “பொய்யா இருக்கும்.” ஆனால் விரல் தட்டியது. ஆப் போனில் இறங்கும் வட்டம் சுற்றுவது அவர் கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. “கெலுகோர்ல வெரோனிக்கான்னு ஒரு தையல்காரி. கையில ஒன்பது துணி இருக்கு, செவ்வாய்க்கெழமைக்கு மேலதான் எடுக்க முடியும்னு போட்டிருக்கு. ஷர்மினி, ஐம்பத்து மூணு வயசுல, உண்மை பேசுற தையல்காரியை இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

நான் என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

அக்கா தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். பிறகு மறுபடி என் முகத்தை.

“இரு. இது ஒன்னோடதா?”

தலையை ஆட்டினேன்.

அவர் என் முன்னால் இருந்த தாளைத் தன் பக்கம் இழுத்து, திரும்புகிறேன் என்ற கட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். “நீ வராதே லா. நீ இங்க வந்து ஒக்காந்துட்டா இதை யாரு பாத்துக்குவா? பீரோவுல எனக்கு அஞ்சு பாஜு கூரோங் போட முடியாமத் தொங்குது.”

மீதி இருந்த கட்டத்தில் சரி போட்டுக் கையெழுத்து வைத்தேன். அவசரத்தில் கையெழுத்து கோட்டைத் தாண்டிப் போனது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை நான் மறைக்கவும் இல்லை. எட்டு வருடத்தில் அந்த அறையில் யார் யாரோ அழுது பார்த்தவர் காமாரியா அக்கா. டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போனையும் நீட்டினார்.

“அழுதுக்கிட்டே காட்டு. இடுப்பு அளவை எங்க போடணும்?”